மேற்படி குழந்தை

நீதிமன்ற உத்தரவில் என் பெட்ரோல் பங்க் இருக்கிறது.
"டேவிட்சன், பதினோராம் எண் நெடுஞ்சாலை,
கடைக்கு வெளியே, வெளிச்சமுள்ள இடத்தில்."
அந்த வெளிச்சம் நான் போடுவது.
குழல்விளக்கு ஒன்று மூன்று வாரமாய்த் துடிக்கிறது,
முதலாளியிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

வெள்ளி ஐந்து மணிக்குத் தெற்கே,
ஞாயிறு ஐந்து மணிக்கு வடக்கே,
இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.
சஸ்கடூனிலிருந்து யோலீன், எஞ்சினை அணைக்காமல்.
ரெஜைனாவிலிருந்து ஓரெஸ்ட், சாம்பல் நிற டிரக்கில்.
ஒரு கதவு சாத்திய பிறகுதான்
மற்றது திறக்கும்.
நடுவில் பனி, டீசல் வாடை, ஒரு ஊதா நிறப் பை.
"இருபத்தாறு காலடி" என்றாள் மாரென்,
"போன வருஷம் முப்பத்தொன்று."

நடுவழியில் அவளுக்குக் கழிவறை வேண்டும், எப்போதும்.
அதை மட்டும் இரண்டு பேரும் ஆட்சேபிப்பதில்லை.
"அம்மா மனுதாரர்,
அப்பா எதிர்மனுதாரர்,
நான் மேற்படி குழந்தை" என்றாள் ஒருநாள்
கையுலர்த்தியின் இரைச்சலுக்கு மேலாக.
படித்துவிட்டாளாம். டிரக்கில் கிடந்ததாம்.

என் அப்பா போனபோது
தாள் எதுவும் வரவில்லை.
போனார்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு
காகிதக் கைக்குட்டையில் ரத்தமும் ஒரு பல்லுமாய் வந்தாள்.
"கிரெய்க் தாண்டும்போது விழுந்தது. அது அப்பா பக்கம்.
ஆனா ஆட ஆரம்பிச்சது அம்மா வீட்ல."
என்னைப் பார்த்தாள், நான் தீர்ப்புச் சொல்வேன் என்பதுபோல.
உத்தரவில் கிறிஸ்துமஸ் இருக்கிறது, ஈஸ்டர் இருக்கிறது,
காய்ச்சல் வந்தால் யார் யாரிடம் எத்தனை மணிக்குள் சொல்வது,
தொலைபேசியில் எவ்வளவு நேரம், எல்லாம் இருக்கிறது.
பல் இல்லை.
எந்தத் தலையணை என்று இல்லை.

கல்லாப்பெட்டியில்
அமெரிக்கச் சில்லறை போடும் குழி காலியாக இருந்தது.
அவளே வைத்தாள்.
வெளியே ஹாரன் ஒருமுறை, சின்னதாக.
"யார்கிட்டயும்" என்றாள்.
"யார்கிட்டயும்" என்றேன்.

பிறகு ஒவ்வொரு முறையும் வந்து எட்டிப் பார்ப்பாள்.
கல்லாவைத் திறக்க எதையாவது விற்றாக வேண்டும்,
ஐந்து சென்ட் மிட்டாயை நானே வாங்கிக்கொள்வேன்.

மே மாதம் ஒரு வெள்ளி, யாரும் இல்லை.
அடுத்த முறையும் இல்லை.
டீசல் போட வந்த ஓரெஸ்டின் சித்தப்பா மகன்தான் சொன்னான்:
யோலீனுக்குக் கடற்கரைப் பக்கம் வேலை,
உத்தரவைத் திருத்தியாயிற்று,
இனி விமான நிலையமாம், கோடையில் ஆறு வாரமாம்.
சாட்சிக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை.
கூப்பிட்டால் என்ன சொல்லியிருப்பேன்?
இருபத்தாறு காலடி.

மாதக் கடைசியில் கணக்குப் பார்க்க வந்த முதலாளி
குழியில் விரலைவிட்டு, எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து,
"என்னம்மா இது?" என்றார்.
வைப்புத்தொகை, என்றேன்.
திருப்பி வைத்தார்.
விளக்கை மாற்றச் சொல்லி ஆள் அனுப்பினார், அதே வாரம்.