முகவரி மாற்றம்

நான் பனித்தளத்தில் ஒருநாளும் நின்றதில்லை.
காசோலை எழுதுபவள்.
வில்மா ஸுபான்சிச், கணக்குப் பிரிவு,
அரங்கத்தின் பின்வாசலுக்கு மேலே
சன்னல் இல்லாத அறை.

எழுபத்தாறு கோடையில் அவர்கள் வந்தார்கள்
ஓக்லண்டிலிருந்து, பதினோரு மரப்பெட்டிகளோடு.
'ஐஸ் ஹாக்கி அணி, ஒன்று' என்று
சரக்குச் சீட்டில் போட்டிருந்தது,
குளிர்பதனப் பெட்டிக்குப் போடுவதுபோல.
ஒரு பெட்டியின் அடியில்
வெள்ளைச் சறுக்குக் காலணி, ஒற்றை.
பழைய முதலாளிக்கு வெள்ளை பிடிக்குமாம்.
ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரு பூச்சு,
பூச்சுக்கு மேல் பூச்சு.
மார்ச் வரும்போது
காலில் ஒரு சுவரையே கட்டிக்கொண்டு ஓடினோம்
என்றான் லூசியன். சிரிக்கவில்லை.

அரங்கத்தை ஊருக்குள் கட்டவில்லை.
க்ளீவ்லண்டுக்கும் ஏக்ரனுக்கும் நடுவே வயல்வெளியில்
இரண்டு ஊருக்கும் பொதுவாக,
எந்த ஊருக்கும் நடந்துபோகும் தூரமில்லாமல்.
பதினெட்டாயிரம் நாற்காலி.
பனி கொட்டும் இரவுகளில்
வந்தவர்களைப் பெயர் சொல்லி
வரவேற்றிருக்கலாம்.

பிப்ரவரி.
வங்கியிலிருந்து போன்.
உறைகளில் பெயர் எழுதி முடித்திருந்தேன்,
உள்ளே வைக்கத்தான் ஒன்றுமில்லை.
உடைமாற்றும் அறைக் கதவைத் தட்டி
வாயால் சொன்னேன்.
உதட்டில் ஆறு தையல், புருவத்தில் ஒன்பது,
அதற்கெல்லாம் முகம் சுளிக்காதவர்கள்
வாடகைத் தேதியை மனசுக்குள் எண்ணுவது
வெளியே கேட்டது.
லூசியன் மட்டும் கேட்டான்:
"உனக்கு வந்ததா?"
எனக்கும் வரவில்லை.
அன்றிரவும் இறங்கி ஆடினார்கள்.
தோற்றார்கள். அதையும் எழுதத்தானே வேண்டும்.

இரண்டே குளிர்காலம்.
பிறகு மினசோட்டா அணியோடு சேர்த்துவிட்டார்கள்.
என் பேரேட்டில் சேர்ப்பது என்றால் கூட்டல்.
அங்கே இரண்டு அணிக்கு ஓர் அறை,
பாதிப் பேருக்குச் சட்டை மாட்ட ஆணியில்லை.
யார் பாதி என்ற பட்டியலைத்
தட்டச்சு செய்தது இந்த விரல்கள்.
லூசியன் இரண்டாம் தாளில்.

எல்லோரும் போன பின்னும்
மூன்று மாதம் எனக்கு வேலையிருந்தது:
வரும் தபாலில் முகவரி திருத்துவது.
லொரெய்னிலிருந்து ஒரு பையன்
கையெழுத்துக் கேட்டு ஐந்து கடிதம்.
ஐந்தாவதில் ஒரே வரி:
"இன்னும் அங்கேதான் இருக்கிறீர்களா?"

மற்றதெல்லாம் பேப்பரில் படித்தது.
கான்சாஸ் சிட்டி இரண்டு வருஷம் வைத்திருந்தது வேறோர் அணியை,
டென்வர் ஆறு வருஷம்,
இப்போது அது நியூ ஜெர்சிக்காரர்களுடையது.
அட்லாண்டா இரண்டு முறை பறிகொடுத்தது,
இரண்டு முறையும் கனடாவுக்கு.
எங்கள் அணியை விழுங்கிய மினசோட்டா,
ஏரியெல்லாம் உறைந்து கிடக்கும் மினசோட்டா,
அதுவும் ஒருநாள் விழித்துப் பார்த்தால்
அணி டல்லாஸில்!
தார் உருகும் ஊரில்.
அதற்குச் சற்று முன் அதிலிருந்தே
ஒரு பங்கு பிரிந்து சான் ஹொசே போயிற்று.
ஓக்லண்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம்.
ஊரெல்லாம் சுற்றியவன் கடைசியில்
பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினானாம்.

அரங்கத்தை இடித்துவிட்டார்கள்.
கான்கிரீட்டை அள்ளிப்போய்
மண்ணை விட்டுவிட்டார்கள்.
இப்போது அரசாங்கத்தின் புல்வெளி,
இடுப்பளவு புல், அதில் பறவைகள்.

போன மே மாதம் போயிருந்தேன்.
சாலையிலிருந்து அடி எண்ணி நடந்து
என் அறை இருந்த இடத்துக்குக் கீழே நின்றேன்.
அதன் உயரத்தில் ஒரு குருவி
எதையோ திட்டிக்கொண்டிருந்தது.
தொலைநோக்கி மாட்டிய மனிதர் ஒருவர்
குரலைத் தாழ்த்திக் கேட்டார்,
எந்த இனம் தேடுகிறீர்கள் என்று.

"மேற்கிலிருந்து வந்தது.
இரண்டு குளிர்காலம் இங்கே தங்கியது.
வெள்ளைக் கால்."

அவர் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார்.