விலாசதாரர்

பித்தப்பைக் கல்லுக்குத்தான் போனேன்.
கத்தி வைக்கமுதல் எடுக்கும் இரத்தத்தில்
இது அகப்பட்டது.
டொக்டர் பெடியன், என் கடைசி மகளின் வயதிருக்கும்,
பேனா மூடியைத் திறந்து, மூடி, திறந்து
"ஹெபடைடிஸ் சி" என்றான்.
பிறகு, மேசையைப் பார்த்துக்கொண்டு,
"அன்ரி, குடிக்கிறனீங்களோ?"

முப்பத்தொரு வருஷம் தபாற்கந்தோரில் இருந்தவள் நான்.
ஒரு நத்தாருக்கு, ஸ்டெல்லா மிஸ் வீட்டில்,
கால் கிளாஸ் வைன்.
சொன்னேன்.
சிரித்துவிட்டான்.
அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே மருந்து அது.

கோட்டையடியில் மான் ஒன்று
குப்பைப் பைக்குள் இருந்து தலை எடுத்து வந்து
என் கையிலிருந்த உறையின் மூலையைக் கடித்தது.
தின், என்றேன்.
மை மணம் பிடிக்கவில்லைப் போல.
வாழைப்பழத் தோலுக்குத் திரும்பிப் போனது.

மச்சாள் கீழ்க்காய்நெல்லி அரைத்து மோரில் கரைத்து வந்தாள்.
அந்தக் கையோடேயே
என் கோப்பையைப் பிரித்தெடுத்து
யன்னலடியில், பூனைக்குப் பால் வைக்கும் சிரட்டைக்குப் பக்கத்தில்
கவிழ்த்துவிட்டுப் போனாள்.
பின்னேரம் இவர் அந்தக் கோப்பையில்தான்
தேத்தண்ணி ஊற்றிக் குடித்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
சீனி காணாது என்றார்.

கோப்பையால் வராதாம்.
நகவெட்டி, சவர அலகு, பல் பிரஷ்,
இரத்தம் படக்கூடியவைதான் வேறாக இருக்கவேண்டுமாம்.
கலியாணம் கட்டிய நாள் முதல் எங்களுக்கு ஒரே நகவெட்டி.
இப்போது எனக்கென்று சிவப்பில் ஒன்று வாங்கியிருக்கிறேன்.
இவருக்கு இல்லை. மூன்று பிள்ளைகளுக்கும் இல்லை.
ஒவ்வொரு "இல்லை"யும் வரும்வரை
நான் சோறு தின்னவில்லை.

எங்கிருந்து?
எண்பத்தேழு, மாரி, ஊரடங்கு.
தர்மினி பிறந்தபிறகும்
என்னிலிருந்து வந்துகொண்டே இருந்தது.
கரண்ட் இல்லை. யாரோ ஜீப்பில் கொண்டுவந்த
கண்ணாடிப் போத்தல் இரண்டு.
தாதி ஒருத்தி அதைத் தன் கக்கத்தில் வைத்து
குளிர் போக்கினது நினைவிருக்கிறது.
யாருடையதென்று எவரும் கேட்கவில்லை.

மூதூரில் வலை இழுத்தவனோ,
சேருவிலையில் நெல் விதைத்தவனோ,
சீருடை போட்டவனோ, சீருடையைக் கண்டு ஒளித்தவனோ.
எந்தப் பாஷையில் தன் பிள்ளையைக் கொஞ்சினானோ.

பதினாறு நாள் அவனைத் திட்டினேன்.
மீன் செதிள் உரிக்கும்போது, கோலம் போடும்போது,
கடற்கரையில் இவர் கச்சான் வாங்கப் போன இடைவெளியிலும்.
பதினேழாம் நாள்
அவனுக்கும் வயிறு வீங்கியிருக்குமோ,
அவனுக்கும் யாராவது மோரில் கரைத்துக் கொடுத்திருப்பாளோ
என்று வந்தது.
அத்தோடு திட்டு நின்றுபோனது.

அந்த வருஷங்களில் கடிதங்கள் மூட்டையாய்க் கிடக்கும்.
ஆட்கள் போய்விட்ட வீடுகள்.
"இவ்விலாசத்தில் ஆளில்லை" என்று
என் கையாலேயே எத்தனை ஆயிரம் முத்திரை குத்தியிருப்பேன்.
இது மட்டும்
அனுப்புநர் பெயர் இல்லாமல்
என் ஈரலுக்குள் இத்தனை காலம் பிரிக்காமல் கிடந்திருக்கிறது.
ஆள் இருக்கிறேன், ஐயா.
உன்னுடைய போத்தலால்தான் இருக்கிறேன்.

தர்மினி வீடியோவில் தன் மகளின் விழுந்த பல்லைக் காட்டுகிறாள்.
அந்த இரண்டு போத்தல் இல்லாவிட்டால்
யார் யார் இல்லையென்று எண்ணத் தொடங்கி
பாதியில் விட்டேன்.

எண்பத்துநாலு குளிசை. நாளுக்கொன்று.
மூதூர்ப் படகு கிளம்பும் நேரத்தில் விழுங்குகிறேன்.
கிருமி போய்விடுமாம்.
அது வந்துபோன தடம் இரத்தத்தில் நிற்குமாம், சாகும்வரை.
இரத்ததானத்துக்கு மட்டும் இனிக் கை நீட்டக்கூடாதாம்.
அதைச் சொன்னபோதுதான் அழுதேன்.
பெடியனுக்கு ஏனென்று விளங்கவில்லை.

இன்று இருபத்துமூன்றாவது.
பித்தப்பைக் கல் அப்படியேதான் கிடக்கிறது.
அதற்கு வேறு திகதி தருவார்களாம்.