கடல் பக்க இருக்கை

எட்டு மணி நேரம், இரண்டு பேர், கறுப்பு வண்டி,
தண்ணீர் பாட்டில் கணக்கில் வராது.
சொரெந்தோ விடுதி வாசலில் நின்றிருந்தார்கள்.
குன்வோர் மூன்று லென்ஸுகளோடு
பின்னிருக்கை முழுக்கப் பரவிக்கொண்டாள்.
ஒட்வார் எனக்கு வலப்பக்கம்.
பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், இரண்டு தரம்.
பிறகுதான் என் பெயரைக் கேட்டார்.
த்ரொஃபிமேனா என்றேன்.
நார்வே வாயில் அது உடைந்தது.
பாதியை மட்டும் வைத்துக்கொண்டு
மேனா என்றார்.

பொசித்தானோவுக்கு மேலே, இரண்டாவது வளைவில் கவனித்தேன்:
அவர் வலது கால்
இல்லாத பிரேக்கை மிதிக்கிறது.

பயந்தவர்கள் மிதிப்பார்கள்.
கைப்பிடியைப் பிடித்து, பல்லைக் கடித்து,
வளைவு முடிந்தபின்.
இவர் எனக்கு அரை நொடி முன்னால் மிதித்தார்,
தூங்குகிற யாரையும் எழுப்பிவிடாத மிதி.

பேருந்தா? என்றேன்.
முப்பத்தோரு வருஷம், என்றார்.
பனி. சுரங்கம். மூன்று மணிக்கே இருட்டு.
கடைசி நிறுத்தத்தில்
ஒன்பது பள்ளிப் பிள்ளைகள், ஒரு நாய்.
நாய்க்கு டிக்கெட் உண்டு, என்று சேர்த்துக்கொண்டார்.

ஒட்வார், அந்த நீலத்தைப் பாரேன்!
பின்னால் குன்வோர் கடலைச் சுட்டுத் தள்ளினாள்.
அவர் வெள்ளைக் கோட்டைப் பார்த்தார்,
வளைவுக் கண்ணாடியைப் பார்த்தார்,
லாரிகள் உரசி உரசிப் பாறையில் விட்டுப்போன
சிவப்புப் பெயின்ட்டைப் பார்த்தார்.

ப்ரையானோ தாண்டியதும் எதிரே நீலப் பேருந்து.
ஓட்டுவது கதெல்லோ, என் அண்ணியின் தம்பி.
எனக்குப் பின்னால் ஒரு ரொட்டி வேன்,
அதற்குப் பின்னால் ஸ்கூட்டர்கள்,
எல்லோரிடமும் ஹாரன்,
யாரிடமும் ரிவர்ஸ் கியர் இல்லை.
கதெல்லோ கண்ணாடியை இறக்கி
என்னை உறவுமுறை சொல்லித் திட்டினான்.

ஒட்வார் கேட்காமலே இறங்கினார்.
என் பக்கக் கண்ணாடியை மடக்கினார்.
பாறைக்கும் பேருந்துக்கும் நடுவே நின்று
உள்ளங்கையைக் காட்டினார்.
இரண்டு விரல். பிறகு ஒன்று.
பிறகு, வா, வா, வா.
கதெல்லோவுக்கு நார்வீஜியன் தெரியாது.
இவருக்கு இத்தாலியன் தெரியாது.
எலுமிச்சைத் தோல் அளவு இடைவெளியில்
நாற்பத்தெட்டு முகங்கள் என்னைக் கடந்துபோயின.
கதெல்லோ ஸ்டியரிங்கிலிருந்து
ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்தினான்.
அது எனக்கு இல்லை.

அமால்ஃபியில் நெத்திலி வறுவல்.
அவர் பில் கட்டப் போனபோது
குன்வோர் முள்ளை ஒதுக்கியபடி சொன்னாள்:
ஜனவரியில் மயங்கி விழுந்தார்.
ஸ்டியரிங்கில் இல்லை, சமையலறையில்தான்.
ஆனாலும் உரிமத்தை வாங்கிக்கொண்டார்கள்.
நான் கடல் பார்க்க வந்தேன், மேனா.
அவர் ரோடு பார்க்க.

மாயோரி கடந்து, கரடி முனையில்
வண்டி ஒதுங்க இடம் உண்டு.
எஞ்சினை அணைத்தேன்.
சாவியைப் பையில் போட்டேன்.
இறங்கிச் சுற்றி வந்து
அவர் பக்கக் கதவைத் திறந்தேன்.

இன்சூரன்ஸ், என்றார்.
நிற்கிற வண்டிதானே, என்றேன்.

இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினார்,
உள்கண்ணாடியைத் தன் கண்ணுக்குத் திருப்பினார்.
இரண்டு கையும் சக்கரத்தில் வைத்ததும்
தோள்கள் இறங்கின.

நான் அவர் இடத்தில் உட்கார்ந்தேன்.
பதினோரு வருஷமாக இதே சாலை.
ஒவ்வொரு வளைவையும்
எங்கே ஹாரன் அடிக்கணும் என்பதை வைத்துத்தான் தெரியும்.
கடல் எனக்கு
பயணிகளின் கன்னத்தில் ஆடும் வெளிச்சம்.
இப்போது அது நேராக இருந்தது,
நினைத்ததைவிடப் பெரிதாக,
கொஞ்சம் சாம்பலாகக்கூட.
கீழே யாரோ ஒருவன் படகிலிருந்து
வாளி வாளியாகத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தான்.
எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை.

ஒட்வார் சக்கரத்தை மெல்ல இடப்பக்கம் திருப்பினார்.
எனக்குத் தெரியாத ஏதோ ஒரு வளைவு.
பனி இருந்திருக்க வேண்டும்,
ஏனென்றால் என் வலது கால்
தானாக மிதித்தது.

பின்னிருக்கையில் காமிரா சத்தம் கேட்கவில்லை.
சலெர்னோவுக்கு இன்னும் அரை மணி நேரம்.
யாரும் சாவியைக் கேட்கவில்லை.