எட்டாம் நம்பர்

லாரன்ஸ் ரோட்டுக் கடையில்
ஆறாம் நம்பர் ஏறவில்லை.
ஏழும் பிடித்தது. எட்டு எடுத்தேன்.
"பூசினாப்ல ஆயிட்டீங்கக்கா" என்றான் பையன்.
சதை இல்லை தம்பி, நீர்.

பெருந்தமனியில் பிறவி இடுக்கு எனக்கு.
கையில் நூற்றெண்பது, காலில் தொண்ணூறு;
ஒரே உடம்பில் இரண்டு ஊர்.
சித்திரை வெயிலிலும் காலுறை மாட்டிக்கொண்டு
மஞ்சக்குப்பம் முழுக்க
மீட்டர் ரீடிங் எடுத்தவளுக்கு
தன் ரீடிங் தெரிய முப்பத்தொரு வயசாச்சு.

ஜிப்மரில் வலைக்குழாய் வைத்து விரித்தார்கள்.
அன்று ராத்திரி முதன்முதலாய்ப் பாதம் சுட்டது.
வீடு வந்ததும் தேவநாதன் முதுகில் வைத்துக் காட்டினேன்.
"அடுப்பா இது" என்றார்.

பத்து வருஷம்.

இன்று எக்கோ திரையை
என் பக்கம் திருப்பாமலே சொல்கிறார் கலிவரதன் டாக்டர்:
அத்தனை வருஷம் முட்டி முட்டி
இடது அறை இறுகிவிட்டது.
பாரம் நுரையீரல் வழியாக
வலதுக்கு வந்திருக்கிறது.

வலது ஒன்றும் பண்ணலையே சார்.

"ஆமாம்" என்றார்.

கெடிலத்தின் வாயை மணல் மூடிய மழையில்
கடலோரம் சும்மா இருந்தது;
முழுகியது பின்னால் எங்கள் தெரு.

ரத்தம் போதாமல் வளர்ந்த கால்கள்,
விரலால் அழுத்தினால் குழி.
குழி நிரம்பும்வரை எண்ணுகிறேன், பதினாலு.

நாலு நாள் மாத்திரையில் நீர் வடிந்துவிட்டது.
எட்டாம் நம்பர் லொடலொடக்கிறது.
பில் இருக்கிறது, மாற்றலாம்.
மாற்றவில்லை.
வாரைக் கடைசித் துளைக்கு இழுத்துக்கொண்டு
செம்மண்டலம் கிளம்புகிறேன்,
மற்ற துளைகள்
காத்திருக்கட்டும்.