தவறி இறங்கிய சரக்கு

நூற்றைம்பதாம் ஆண்டு மலருக்கு
"கோயில் வரலாறு நாலு பக்கம்,
தப்பில்லாம எழுதிடும்மா" என்றார் பங்குத்தந்தை.
துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதுகிறவள் நான்.
பதினெட்டு வருஷத்தில் ஒரு பெட்டி தவறவிட்டதில்லை.

பாலிஷ் போட மணியைச் சுரண்டியபோதுதான்
பச்சைக் களிம்புக்கடியில் எழுத்து தெரிந்தது.
லத்தீன்.
படமெடுத்து குருமடத்துப் பையனுக்கு அனுப்பினேன்.
'ஏடன் பட்டணத்து மாதா கோயிலுக்கு'
என்று பதில் வந்தது.
நாங்கள் இருப்பது காசிமேட்டில்.

பழைய ஞானஸ்நானப் புத்தகத்தின் பின்னட்டையில்
கணக்கப்பிள்ளை எஸ்தாக்கி கிறுக்கி வைத்திருக்கிறார்:
இரும்புப் பட்டைகளுக்கு அடியில் கிடந்து
ஏடனில் இறங்காமல் போன மணி ஒன்று.
மசூலாப் படகில் கரை சேர்த்த கூலி
இரண்டே கால் ரூபாய்.
கீழே, வேறு மையில்:
ஏடன் சாமியார் கடிதம். அடுத்த கப்பலில் திருப்பவும்.

அடுத்த கப்பல் வந்தது. மணியைக் காணோம்.
அதற்கடுத்த கப்பலுக்கும் காணோம்.
புகை கடலில் மறைந்த பிறகு
கஸ்பார் படகைக் கவிழ்த்துப் போட்டிருந்த இடத்தில்
மணலுக்குள்ளிருந்து கிடைத்தது,
'தேவ கிருபையால்'.
எஸ்தாக்கிக்குக் கை நடுங்கவில்லை,
எழுத்து அவ்வளவு திருத்தம்.

எம்டன் குண்டு விழுந்த ராத்திரி
இந்த மணிதான் அடித்தது.
பதினோரு பேரைக் கொண்டுபோன புயலில்
விடிய விடிய அடித்தது;
கரை எந்தப் பக்கமென்று தெரியாத இரண்டு கட்டுமரம்
சத்தத்தைக் கயிறாகப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தன.
சுனாமிக்கு அடிக்கவில்லை.
பிரகாசியம் அன்று பூசை முடிந்த கையோடு
வலை பிரிக்கப் போய்விட்டான்.
இன்றைக்கும் அதைப் பற்றி அவனிடம் யாரும் பேசுவதில்லை.

இழுவைக் கப்பலில் வேலை பார்க்கும் என் தம்பி ரெமிஜியுஸ்
ஏடனில் ஒரு நாள் இறங்கினான்.
"கோயில் கீதுக்கா. பூட்டு தொங்குது.
கோபுரத்துல கொக்கி மட்டும்தான்,
அதும்மேல ஒரு புறா."
அப்புறம் வேறு மணி வாங்கவே இல்லையாமா?
"யார்கிட்ட கேக்கறது? தெருவே காலி.
செவுத்துல ஃபுல்லா குண்டு ஓட்டை."

என் நாலாம் பக்கத்தைப் பங்குத்தந்தை அடித்துவிட்டார்.
"ஜூபிலி மலர்மா இது, ஸ்டேஷன் புகார் இல்ல."
'ஊர் பெயர் தெரியாத ஒரு பக்தரின் காணிக்கை'
என்று போடச் சொன்னார்.
போட்டேன்.

ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பும் முன்
என் கணக்கு நோட்டின் கடைசித் தாளில் கோடு கிழித்தேன்.
சரக்கு: மணி, ஒன்று.
சேர வேண்டிய துறை: ஏடன்.
இறங்கிய துறை: சென்னை.
நிலை:

அங்கே பேனா நின்றது.
எண்ணூர் சாலையில் டிரெய்லர்கள்
ஒன்றன் வாலை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன.
மாலை ஜெபத்துக்கு அடிக்க ஆரம்பித்தான் பிரகாசியம்.
எப்போதும் ஒன்று கூடுதலாகவே அடிப்பான்,
குடித்திருந்தால் இரண்டு.