ஓரம்

பத்தொன்பது நொடி. அவ்வளவுதான் காணொளி.
தெலுக் பாஹாங் நீர்த்தேக்கத்தில் டிராகன் படகுப் போட்டி.
இரண்டாம் ஷிப்ட் பெண்கள் துடுப்புப் போட்ட படகு
ஒரு மீசை நீளத்தில் தோற்றதாகத் தீர்ப்பு.
"தோக்கல" என்று சுகுணவதி கைப்பேசியை நீட்டினாள்.
"எல்லாம் இதுல இருக்கு. ஆடுது, அவ்வளவுதான்.
நிறுத்திக் கொடு."

பாயான் லெப்பாஸில் பகலெல்லாம்
சில்லுகளில் பிழை பார்ப்பவள் நான்.
இரவில் என் மடிக்கணினிக்குப் பின்னால்
ஐந்து பேர், ஒரு மின்விசிறி,
ஈரம் காயாத ஜெர்சிகளின் வாடை.

ஆட்டத்தை நிறுத்த
ஆடாத ஒன்று முதலில் வேண்டும்.
நிரல் புள்ளிகளைத் தேடிப் போகும்:
கூரை முனை, கொடிக்கம்பம்,
ஒரு நிறம் இன்னொன்றில் முட்டித் திரும்பும் மூலை.
இந்தச் சட்டத்தில் கண்டதை அடுத்ததில் பிடித்து
எவ்வளவு நகர்ந்தாய் என்று ஒவ்வொன்றாய் விசாரிக்கும்.
பிறகு வாக்கெடுப்பு.
பெரும்பான்மை எதுவோ அதுதான் தரை.

முதல் சுற்றில் தண்ணீர் ஜெயித்தது.
வெயில் பட்ட அலை ஒவ்வொன்றும் ஒரு புள்ளி,
புள்ளிக்கு ஒரு வாக்கு.
நீர் அசையாமல் நிற்க
மலை நீந்தத் தொடங்கியது.
நடுவர் கூடாரம் பினாங்கைவிட்டே கிளம்பிப் போனது.
மங்களேஸ் சிரித்துச் சிரித்து
நாற்காலியிலிருந்து சரிந்தாள்.

தண்ணீரின் வாக்குரிமையைப் பறித்தேன்.
படகுகளுடையதையும்.
போட்டியிடுகிறவர்களுக்கு இதில் வாக்கில்லை.
மிஞ்சியவை மலையின் மரங்கள்,
கூடாரத்தின் நான்கு கால்கள்.
அவை சொன்னதைக் கேட்டுப் படம் நின்றது.

அறையும் நின்றது.
துடுப்புகள் ஒன்றாய் விழுகின்றன,
ஒன்றாய் எழுகின்றன.
"நான் இவ்வளவு அசிங்கமாவா கத்துறேன்?"
யோகமலருக்கு யாரும் பதில் சொல்லவில்லை.
பதினேழாவது நொடி.
எங்கள் சிவப்பு டிராகனின் மூக்கு
கோட்டைத் தொடுகிறது.
பக்கத்தில் யாருமே இல்லை.
"பாத்தியா!"

பார்த்தேன்.
பக்கத்தில் யாருமில்லாமல் போனது
நான் நறுக்கியதால்.
ஆடும் படத்தை நேராக்கினால்
விளிம்புகளில் கறுப்பு எட்டிப் பார்க்கும்.
அதை மறைக்க நாலு பக்கமும் கொஞ்சம் வெட்டி
மீதியைப் பெரிதாக்குவது வழக்கம்.
யாரும் கவனிப்பதில்லை.
ஓரத்தில் என்ன இருந்துவிடப் போகிறது?

சொல்லாமல் விட்டிருக்கலாம்.
எனக்காக வாங்கி வந்த மீ கோரெங்
மேசையில் ஆறிக்கொண்டிருந்தது.

வெட்டை நீக்கினேன்.
நடுவே காட்சி அசையாமல் நிற்க
அதன் நான்கு விளிம்பும் துள்ளின,
குடிகாரன் சுமந்து போகும் ஜன்னல் சட்டம் போல.
பதினேழாவது நொடி.
இடது ஓரம்.
பச்சை டிராகன் கோட்டுக்கு அந்தப் பக்கம்.
மீசை மட்டும்தான். ஆனாலும் அந்தப் பக்கம்.

வெகுநேரம் கழித்து மங்களேஸ் சொன்னாள்:
"நம்ம டிராகனுக்கு மீசை
போன வருஷமே ஒடஞ்சு போச்சு லா."
அதற்கு எல்லோரும் சிரித்தார்கள்,
சுகுணவதி தவிர.

அவர்கள் போன பிறகு
படத்திலிருந்து கழித்தெடுத்த ஆட்டத்தை மட்டும்
ஒரு கோடாக வரைந்து பார்த்தேன்.
இதோ, அவள் கரையோரம் ஓடியிருக்கிறாள்.
இந்த முள் யாரோ தோளில் இடித்தது.
இங்கே குதித்திருக்கிறாள், மூன்று தடவை.
பதினாறரையில்
கோடு திடீரென்று படுத்துவிடுகிறது.
ஏறக்குறைய ஒரு முழு நொடி.
அங்கே நான் திருத்த எதுவும் இருக்கவில்லை.
மூச்சைப் பிடித்திருக்கிறாள்.

கேட்டு அனுப்பினேன்:
உனக்கு அப்பவே தெரியும், இல்ல?

இரண்டு நீல டிக்.
வெளியே முதல் ஷிப்ட் பேருந்து
சந்தில் திரும்பும் சத்தம்.
பிறகு வந்தது பதில்:

கை ஆடினதால
அப்படித் தெரிஞ்சதுன்னு நெனச்சேன்.