மைனஸ் எண்பது

கின்ஸி வீதி, மூன்றாம் மாடி.
மைனஸ் எண்பதில்
எலிகளின் மூளைச் சீவல்கள் உறைந்து கிடக்கும் பெட்டிக்கு
நானும் பியசிறியும் காவல்.
மின்சாரம் போனால்
ஜெனரேட்டர் இருமித் தொடங்கும்வரை
பன்னிரண்டு செக்கன்.
அவர் எண்ணுவார், இப்போதெல்லாம் தமிழில்:
ஆறு, ஏளு, எட்டு.

அவருக்கு ஐம்பத்தொன்று.
மகள் மட்டக்களப்புப் பொடியனைக் கட்டப்போகிறாள்.
சம்பந்தியோடு சம்பந்திபோலப் பேசவேண்டுமாம்.
மழை என்று எழுதிக் காட்டினேன்.
மலை என்று வாசித்தார்.
ஜன்னலுக்கு வெளியே, பொரளைப் பக்கம்
மலை பெய்துகொண்டிருந்தது.

உங்களில் பிழையில்லை, லிங்ஸ், என்றேன்.

லிங்ஸ் மிகச் சிறிய புரதம்.
மூன்று விரல், ஒரு கொழுப்பு வால்.
வாலை நரம்பின் தோலில் ஊன்றிக்கொண்டு
விரலால் வாசலைத் தொட்டபடி நிற்கும்.
வாசல் என்பது
ஐந்து பேர் தோளோடு தோள் இடித்து நிற்க
நடுவில் விழுகிற ஓட்டை.
அசற்றைல்கோலின் வந்து தட்டினால்
கண் இமைக்குமுன் திறந்து
கொஞ்சம் உப்பை உள்ளே விட்டு
மூடிக்கொள்ளும்.
ஒரு சொல் முதன்முதலாய்க் காதில் ஒட்டுவதற்கு
இப்படி எத்தனை வாசல், எத்தனை தட்டல்.

கட்டுவிரியன் நஞ்சுக்கும் அதே மூன்று விரல்.
பாம்பு எங்கே படித்தது என்று தேடிப்போனால்
உடம்புக்குள்ளேதான் வந்து நிற்கவேண்டியிருக்கிறது.
நஞ்சு வாசலைப் பூட்டிச் சாவியை விழுங்கும்.
லிங்ஸ் கதவில் கைவைத்து
கொஞ்சம் மெல்ல, என்னும்.
அவ்வளவுதான் வித்தியாசம்.

சின்ன வயதில் அது குறைவு.
ஒன்பது வயதில் மருதானைக்கு வந்தேன்.
ஒரு பள்ளி விடுமுறை முடியுமுன்
மாடிப்படிச் சண்டைகளில் சிங்களம் வந்துவிட்டது,
கெட்ட வார்த்தைகள் முதலில்.
பிறகு எந்த நாளில் என்று தெரியாது,
கை வந்து கதவில் விழுந்திருக்கவேண்டும்.
ஜேர்மன் வகுப்புக்கு இரண்டு தரம் காசு கட்டினேன்.
குட்டன் மோர்கன் மட்டும் மிச்சம்.

நாச்சோ என்றும் ஒன்று இருக்கிறது.
பெயர் வைத்தவர் பசியோடு இருந்திருப்பார்.
அது இல்லாவிட்டால் சில ஐவர் ஒன்றுசேரவே மாட்டார்கள்.
உயிரணுவின் உள்ளறையில் ஆளுக்கொரு மூலையாய்க் கிடந்து
ஒருநாளும் மேலே வராத வாசல்.
எங்கள் தொடர்மாடிச் சங்கக் கூட்டம் மாதிரி.

பத்தரைக்குப் பியசிறி கேற்றடிக்குப் போவார்.
பாதி சிகரட். மீதி மூன்றரைக்கு.
நிக்கொட்டின் உள்ளறைவரை களவாய் இறங்கி
அரைகுறையாய்ச் சேர்ந்ததையும்
போ, போ என்று மேலே தள்ளிவிடும்.
வாசல்கள் பெருகும்.
பெருகியதெல்லாம் மூன்றரைக்கு ஒன்றாய்ப் பசிக்கும்.
இதைச் சொன்னபோது யோசித்தார்.
"அப்ப மிஸ், எனக்குத்தானே வாசல் கூட,
மலை மட்டும் ஏன் வருதில்லை?"

லிங்ஸை எடுத்துவிட்ட எலிகள் உண்டு.
குட்டியில் தைத்து மூடிய கண்ணை
வளர்ந்தபின் பிரித்தாலும்
பார்க்கப் பழகிக்கொள்ளும் எலிகள்.
அந்தக் கட்டுரையை வாசித்த இரவு அழுதேன்,
யாருக்காக என்று பிடிபடவில்லை.
இன்னொரு கட்டுரையில் அதே எலிகள்
கிழடாகியிருந்தன.
தட்டிய எல்லாவற்றுக்கும் திறந்து திறந்து
நரம்பெங்கும் குமிழ் குமிழாய் வெறுமை.
அப்படிப்பட்ட சீவல்கள் இங்கேயும் இருக்கின்றன,
இடப்பக்கம், மூன்றாம் தட்டு.
தேதி ஒட்டியது நான்தான்.

நேற்று மின்சாரம் போனது.
இருட்டில் அவர் எண்ணவில்லை.
மழை, என்றார்.
லகரமும் இல்லை, ழகரமும் இல்லை,
நூற்றொன்றாம் இலக்க பஸ்ஸில் பிடிக்கக் கம்பி கிடைக்காதவர்போல
நாக்கு எங்கோ நடுவில் தள்ளாடியது.
திருத்த வாயைத் திறந்தேன்.
மளை, என்று வந்தது.

நாற்பத்துமூன்று வருஷமாய் மளைதான்.
எங்கள் வீட்டில் அந்த எழுத்து
கையில் உண்டு, நாக்கில் இல்லை.

ஜெனரேட்டர் பிந்தித்தான் இருமியது.
பெட்டியின் சிவப்பு எண் எழுபத்தொன்பதுக்கு ஏறி
நின்று, யோசித்து, இறங்கியது.
மூன்றரை.
மீதிப் பாதியைச் சட்டைப்பையில் தடவிப் பார்த்துவிட்டு
பியசிறி படியிறங்கினார்,
குடையில்லாமல்.